மூன்று தசம் நான்கு

அறுநூறாம் இலக்க மண்தாளில்
அலுமினாத் தட்டை வட்டம் வட்டமாய்த் தேய்க்கிறேன்.
இரண்டு ரூபாய்க் குற்றியளவு வெள்ளை.
டொலர் தட்டுப்பாட்டில் பன்னிரண்டுதான் வந்தன,
சுங்கத்தில் நாற்பது நாள் கிடந்து.
ஏழு வெடித்துவிட்டன.
இது எட்டு.

மெதனோலில் ஒரு புட்டி, நாக நைத்திரேற்று.
நாகம் பாம்பல்ல என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தாயிற்று.
ஆனாலும் மூடி திறக்கையில் விரல் ஒருகணம் தயங்கும்.
மற்றப் புட்டியில் மெதயில் இமிடசோல்.
தனித்தனியே இரண்டும் தண்ணீர் மாதிரி.
ஒன்றில் ஒன்றை ஊற்ற, பேச்சுமூச்சில்லாமல்
பால்.

அந்தப் பாலில் பிறக்கும் பளிங்கு ஒவ்வொன்றும்
அறை அறையாய் ஒரு வீடு;
சுவரைவிட வெற்றிடம் கூட.
வாசல் மூன்று தசம் நான்கு அங்ஸ்ட்ரோம்.
விதைப் பளிங்கைத் தட்டில் விரலால் பூசி
உருக்குக் கலத்தில் நிமிர்த்தி வைத்து
அடுப்பில் விட்டால்
அவை பக்கவாட்டில் வளர்ந்து, தோளோடு தோள் முட்டி
இடுக்கில்லாமல் மூடவேண்டும்.
‘வேண்டும்’ என்பதுதான் என் ஆய்வேட்டில் அரைவாசி.

ஒரு மயிர்வெடிப்புப் போதும்,
கோடி வாசல்களின் நேர்மையும் வீண்.

யூட் கவிதை எழுதுகிறவன்.
சோதனைச்சாவடி என்று எழுது, நன்றாயிருக்கும் என்கிறான்.
மாட்டேன்.
சாவடியில் நான் நின்றிருக்கிறேன்.
அங்கே அளவு என்று ஒன்று இருந்ததில்லை.
அட்டையில் பெயரைப் படித்தார்கள்,
பிறந்த ஊரைப் படித்தார்கள்,
பிறகு முகத்தை, பிறகு மறுபடி ஊரை.
இந்தத் துளைக்கு வாசிக்கத் தெரியாது.

இன்னொன்று அவனிடம் சொல்லவில்லை.
கணக்குப்படி புரொப்பிலீனும் உள்ளே போகக்கூடாது.
அது நாலு. புரொப்பேன் நாலே சொச்சம்.
ஆனால் கதவுகள் இறுக்கமானவை அல்ல,
ஆடுகின்றன.
அந்த ஆட்டத்தில் ஒல்லியானது நழுவிவிடும்.
மற்றது முட்டிக்கொண்டு நிற்கும்,
பெரும்பாலும்.

எட்டாவதை அவசரப்படுத்தவில்லை.
மெதனோல் ஆவி நிறைந்த பெட்டியில் நான்கு நாள்.
வெளியே காற்றின் ஈரம் எண்பத்தாறு;
கொள்ளுப்பிட்டிக் கடல்
யன்னல் கொக்கியில் உப்புப் பூசிக்கொண்டிருந்தது.
பஸ்மிலா தினமும் வந்து
மூடியைத் திறக்காமல் பார்த்துவிட்டுப் போனாள்,
குழந்தை தூங்குகிற அறையைப் போல.

வியாழன் ஆறு இருபதுக்குத் தட்டைப் பூட்டினோம்.
ஆறு இருபத்திரண்டுக்குக் கரண்ட் போனது.
நிறப்பகுப்பி அணைந்தது, கணினி அணைந்தது,
காற்றாடி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

சவர்க்காரக் குமிழிக்கு மின்சாரம் தேவையில்லை.
கண்ணாடிக் குழாய், அடியில் நுரை,
பஸ்மிலாவின் கைபேசி வெளிச்சம்.
வெடித்த தட்டுகளில் குமிழி
லிஃப்டில் ஏறியது மாதிரிப் பாயும்.
இது புரொப்பிலீனுக்கு நிதானமாக ஏறியது,
ஒரு கோட்டுக்கு இருபது வினாடி.
பிறகு புரொப்பேனைத் திறந்தேன்.
குமிழி நின்றது.
நிற்கிறதா, அடைத்துக்கொண்டதா?
அவள் சிங்களத்தில் எண்ணினாள், நூறு தாண்டியதும் தமிழில்.
பத்து நிமிடத்தில் ஒரு கோடு.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
படலம் மெலிந்து, நிறம் மாறி, தானாகவே உடைந்தது.

ஒரு வாயுவாய் விட்டுப் பார்த்தது இது.
நாளை கலவையைக் கொடுத்தால்
எட்டாவதும் பொய் சொல்லலாம்.
வால்வைப் பூட்டினேன். இரண்டு தரம் பார்த்தேன்.

காலி வீதி இருட்டில் காஸ் சிலிண்டர்கள்
சங்கிலியில் கோத்து வரிசையாய் நிற்கின்றன.
பக்கத்தில் மட்டையை விரித்து ஆட்கள் படுத்திருக்கிறார்கள்.
ஒருவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து பாண் தின்கிறார்.
பஸ்மிலா குனிந்து குனிந்து நடக்கிறாள்,
காலையில் தம்பி வைத்துவிட்டுப் போனதில்
தான் கட்டிய சிவப்பு ரிபனைத் தேடி.